முன்வரிசை நான்காம் வீட்டின் அளவு

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மின்விசிறிச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்துத் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். சுரங்க உரிமங்களைப் பரிசீலிக்கும் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். ஒரு பக்க எண் விட்டுப்போயிருந்தால்கூட அந்தக் கோப்பு அவளைத் தாண்டிப் போனதில்லை. அவர்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான்.

அந்தத் திங்கட்கிழமை வந்தது ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் கோப்பு. ஐந்து வருட உரிமத்தைப் புதுப்பிக்கக் கேட்டிருந்தார்கள். கூடவே, வெடி வைத்துத் தோண்டும் எல்லையைக் குடியிருப்புப் பக்கம் இருநூறு மீட்டர் நகர்த்தவும் அனுமதி கேட்டிருந்தார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டியது அதிர்வு அளவுகளை. குடியிருப்பில் மூன்று வீடுகளில் அளவுப்பெட்டி வைத்திருந்தார்கள். வெடிக்கும்போது தரை எவ்வளவு குலுங்குகிறது என்று அது குறித்துக்கொள்ளும். அளவு ஐந்தைத் தாண்டக் கூடாது. கடைசி வரிசை வீட்டில் இரண்டரை, நடுவரிசையில் மூன்று. சுரங்க வேலியை ஒட்டிய முன்வரிசை நான்காம் வீட்டில் அரை. இருபத்து நான்கு மாதமாக அரையைத் தாண்டவேயில்லை.

எட்ட இருக்கும் வீடு குலுங்குகிறது, கிட்ட இருக்கும் வீடு குலுங்கவில்லையா? பேனாவை மூடி வைத்தாள். அவளை நிறுத்தியது அந்த எண் மட்டுமல்ல. நான்காம் வீடு அவளுடைய அக்காவின் வீடு.

போன தடவை போனபோது அங்கே மோட்டார் வைத்த புதுத் தையல் மெஷின் இருந்தது. யார் கொடுத்தது என்று கேட்டதற்கு, "வந்துச்சு வந்துச்சு, நீ டீயைக் குடி" என்று அக்கா பேச்சை மாற்றியிருந்தாள். கோப்பைப் பார்த்ததிலிருந்து அந்த மெஷின் அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. தன்னைப் படிக்க வைக்க ராப்பகல் பாராமல் தையல் மெஷின் மிதித்தவளைப் போய்ச் சந்தேகப்படுகிறோமே என்று கூசினாள். ஆனாலும் புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

"என்னடி, வாரத்து நடுவுல? ஆபீஸ் இடிஞ்சு விழுந்துடுச்சா?" என்றாள் அக்கா, வாயில் ஊசியோடு.

"சும்மா உன்னைப் பாக்கத்தான்கா."

"சும்மாவா? செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடியே சுவரை அளக்குற."

வாசல்நிலைக்கு மேலே இருந்த விரிசலில் முன்பு நகம்தான் நுழையும். இப்போது விரலே நுழைந்தது. மூலையில் அளவுப்பெட்டி இருந்தது. சுருக்கு வைத்துத் தைத்த பூப்போட்ட உறை ஒன்று அதைத் தரைவரைக்கும் மூடியிருந்தது. பக்கத்திலேயே அந்த மெஷின்.

"பெட்டியை யாருக்கா தொடுறது?"

"மாசம் ஒருதடவை சுரங்கத்து அளவுக்காரர் வருவார். தினம் தொடைக்கிறது நான்."

"அவர் உனக்கு ஏதாவது..."

கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது. "ஏதாவதுன்னா? மெஷினைத்தானே கேக்க வந்தே? கேளு."

கேட்டாள். அக்கா அலமாரியைத் திறந்து ஒரு காகிதத்தை அவள் மடியில் போட்டாள். சீருடை தைப்பதற்காகப் பள்ளிக்கூடம் இரவலாகக் கொடுத்த மெஷின், வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருந்தது.

"இரவல்னு சொன்னா நீ மறுநாளே புதுசு வாங்கி அனுப்புவே. அதான் சொல்லல. படிச்சிட்டியா? சீல் சரியா இருக்கா?"

"இருக்கு." முகத்தைத் தூக்க முடியவில்லை. ஆனாலும் காகிதத்தின் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

ஒன்றரை மணிக்குச் சங்கு ஊதியது. அக்கா பழக்கத்தில் வெள்ளைத் துணிகள்மேல் ஒரு போர்வையை வீசினாள். அடுத்த நிமிடம் வெடித்தது. டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின, ஜன்னல் கம்பி கிணுகிணுத்தது, விரிசலிலிருந்து மண் உதிர்ந்து போர்வைமேல் விழுந்தது. தங்கை ஓடிப்போய்ப் பெட்டியின் உறையைத் தூக்கினாள். சைபர் புள்ளி நாலு. பெட்டிக்குக் கீழே நாலாக மடித்த மெத்தை ஒன்று இருந்தது.

"இது எதுக்குக்கா இங்க?"

"என் மெஷின் ஓடுனா தரை அதிருமில்ல? அந்த ஆட்டமும் அவங்க கணக்குல சேந்துட்டா? நாளைக்கு எவனாவது பொய்க் கணக்குன்னு சொன்னா உனக்கில்ல கெட்ட பேரு. பெட்டி வந்த மறுநாளே வெச்சுட்டேன்."

தங்கை மெத்தையை விரலால் அமுக்கிப் பார்த்தாள். "அளவுக்காரர் இதைப் பாத்தாரா?"

"பாக்காம? ஒவ்வொரு தடவையும் தூக்கிப் பாத்துட்டு மறுபடி மெத்தைமேலதான் வெச்சுட்டுப் போவார். உங்களை மாதிரி யாரும் பத்திரமா வெச்சுக்கலம்மான்னு..." அக்காவின் குரல் தானாக இறங்கியது. "ஏன்டி?"

"தரையோட ஆட்டத்தை மெத்தை குடிச்சிடும்கா."

விருந்துக்கு வந்த ஆள் திருடினதைக் கண்டவள்போல அக்கா பெட்டியையே பார்த்தாள். "அப்ப இந்தச் சுவருக்கு நானே குழி தோண்டியிருக்கேனா?"

"உனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். ஆனா நான் இதை எழுதினா நீ கை நீட்டி வாங்கினேன்னு பேசுவாங்க. என்னையும் சேத்து."

"எழுதலைன்னா?"

தங்கை விரிசலைப் பார்த்தாள். அக்கா எழுந்துபோய் ஆர்டர் நோட்டுகள் இரண்டைக் கொண்டுவந்தாள். சட்டை அளவுகளுக்கும் கொடுக்க வேண்டிய தேதிகளுக்கும் நடுவே, "பெட்டி ஆள் வந்தார், மெத்தையோடு தூக்கிப் பார்த்தார், அரைமணி வேலை கெட்டது" என்று தேதி போட்டு எழுதியிருந்தாள். இருபத்து நான்கு இடங்களில். தங்கை விரல் வைத்து எண்ணினாள், பிறகு மறுபடி எண்ணினாள்.

"ஒருதடவை எண்ணினா போதாதா உனக்கு? எல்லாம் என் வளர்ப்பு," என்றாள் அக்கா.

மறுநாள் தங்கை மேலதிகாரியின் மேஜையில் இரண்டு காகிதங்களை வைத்தாள். நான்காம் வீடு என் அக்காவுடையது, என்னை இந்தக் கோப்பிலிருந்து விடுவியுங்கள் என்பது ஒன்று. மற்றது, நோட்டின் நகல்களோடு அக்கா தன் கையால் எழுதிய வாக்குமூலம்.

"முதலாவதைக் குடுத்தா ரெண்டாவதை எவனும் நம்ப மாட்டானேம்மா," என்றார் அவர்.

"நம்ப வேணாம் சார். வேற ஆளை அனுப்பி, பெட்டியை வெறுந்தரையில வெச்சு அளக்கச் சொல்லுங்க."

மின்விசிறிக்குக் கீழே ஒரு வாரம் முணுமுணுப்பு ஓயவில்லை. வேறொரு அதிகாரி போனார். அக்கா தையல் மெஷினைத் தெருக்கோடி வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். வெறுஞ்சிமெண்டில் பெட்டி காட்டிய முதல் அளவு ஆறு புள்ளி இரண்டு. எல்லையை நகர்த்தும் விண்ணப்பம் திரும்பிப் போனது. மூன்று வீட்டிலும் ஆறு மாதம் புதிதாக அளந்த பிறகுதான் உரிமத்தைப் பற்றிப் பேச்சு என்று உத்தரவானது. பழைய அளவுக்காரரை எங்கே மாற்றினார்கள் என்று சுரங்கத்தார் சொல்லவில்லை.

அடுத்த மாதம் அக்கா போன் செய்தாள்.

"புது அளவுக்காரர் வந்துட்டுப் போனார்டி. ரொம்ப மரியாதையான மனுஷன்."

"என்ன சொன்னார்?"

"வீடு சுத்தமா இருக்குன்னார்."

"அப்புறம்?"

"அதையும் தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன்."