தேவராஜ் அண்ணன் தலைமாட்டில் ஓடிய ஃபேன்

"சித்தப்பா, அப்பா பூட்டாரு. கரண்டு வேற இல்ல. நேத்து அவரு வோணான்னாரே, அந்த பேட்டரிய எடுத்துகினு வாங்க." தேவராஜ் அண்ணன் செத்த அன்று அவர் மகள் மாலா போனில் சொன்னது இவ்வளவுதான்.

திருவொற்றியூர் பட்டறையில் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். ஆகவே நல்ல மனிதர் என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. மின்சார சைக்கிளுக்கு மோட்டார் கட்டுவதில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. சக்கரத்தின் நடுவிலேயே அடங்கிவிடும் மோட்டார், ஒரு கையால் தூக்கும் பேட்டரி. மாடியில் குடியிருப்பவர்களும் கழற்றி எடுத்துப்போய் சார்ஜ் போடட்டும் என்றுதான் எடையைக் குறைத்தார். வீட்டுக்குப் போன பேட்டரி சும்மா இருக்குமா? மின்வெட்டில் ஊரே அதில் ஃபேன் ஓட்டியது. ஒட்ட உறிஞ்சினால் பேட்டரி செத்துப்போகும். அப்படிச் செத்ததை அவர் மாற்றித் தரவே மாட்டார்.

காதரை நினைவிருக்கும். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பியவன். அந்த சைக்கிளை நம்பித்தான் எண்ணூருக்கு வேலைக்குப் போய்வந்தான். ஒருநாள் செத்த பேட்டரியோடு வந்து நின்றான்.

"வாரண்டி கீதேண்ணே. கைக்கொழந்த வேர்க்குருல கத்திகினே இருந்துச்சு. அதான் ஃபேன் ஓட்னேன்."

"கொழந்தைக்கு காத்து வந்துச்சா? அப்ப வாரண்டி பூட்ச்சு. மெதிச்சிகினு போ."

எல்லோர் முன்பும், அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அலமாரியில் புது பேட்டரிகள் இருந்தன. காதர் கொஞ்ச நாள் மிதித்துப் பார்த்தான். வேலை போய்விட்டது. அண்ணன் அதற்கு வருத்தப்படவில்லை. நான் அவரை வெறுத்தேன்.

சாவதற்கு முந்தைய நாள் மூச்சிரைப்பில் கிடந்தார். மின்வெட்டு. வியர்த்துக் கொட்டியது. என் சைக்கிள் பேட்டரியைக் கழற்றி ஃபேனில் மாட்டினேன். கண்ணைத் திறந்து பார்த்தார்.

"கழட்டுடா. ஃபேனுக்கா செஞ்சேன் இத்த?"

மாலா அழுது கெஞ்சினாள். கழற்றும்வரை அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் அவர் தலைமாட்டில் அதே பேட்டரியில் ஃபேன் ஓடியது. காதர் காலை இழுத்தபடி வந்தான். மாலை போட்டுவிட்டுக் குனிந்து, அவர் காதோரம் கேட்டான்.

"இன்னாண்ணே, காத்து வருதா?"

யாரும் அவனைக் கண்டிக்கவில்லை. மாலாகூட.

மூலக்கொத்தளத்தில் அவரைப் புதைத்துவிட்டு அதே பேட்டரியை மாட்டிய சைக்கிளில் நான் திரும்பும்போது, டோல்கேட் வருவதற்குள் பேட்டரி செத்துவிட்டது. வீடுவரை மிதித்தேன். அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தச் செத்த பேட்டரிதான். உயிரோடு இருந்திருந்தாலும் மாற்றித் தந்திருக்க மாட்டார்.