யூரியா போடாத வரிசை

மூன்று வயதில் என் மகள் உருளைக்கிழங்கு வறுவல் இருந்தால்தான் சோற்றைத் தொடுவாள். எடை ஏறவில்லை என்று டாக்டர் சொன்னதிலிருந்து, வேளாவேளைக்கு அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதே என் வேலையாகிவிட்டது. கடைக் கிழங்கில் பாதி அழுகல். அப்போது நாங்கள் இருந்த குஷாய்குடா தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் நாமே போடலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன்.

தொழிற்சாலையில் இன்ஜினியரான என் கணவர் யூரியா மூட்டையோடு வந்தார். தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் வளரும், கிழங்கு பெருக்காது என்று ரேடியோவில் கேட்டிருந்தேன். எவ்வளவு போட்டால் மிஞ்சும் என்று அவர் கேட்டார். அந்த அளவை ரேடியோவில் சொல்லவில்லை என்றேன். சுவரோரத்து வரிசைக்கு மட்டும் மாட்டெரு போதும், அது பாப்பாவுக்கு என்றேன். தலையாட்டினார்.

செடிகள் மதமதவென்று வளர்ந்தன. சாயங்காலம் நடக்கப் போகிறவர்கள் எல்லாரும் எங்கள் வேலியருகே நிற்பார்கள். "பாகுந்தி அக்கா, ரொம்ப நல்லா வந்திருக்கு! சார் கை ராசி அப்படி" என்பார் பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பெண். அந்த வார ஞாயிற்றுக்கிழமையே செடிகளுக்கு இன்னொரு கை யூரியா விழும். கிழங்கு போட்டிருந்த மற்ற வீடுகளில் இலை பழுத்துக் காய்ந்து, கிழங்கு எடுத்துவிட்டார்கள். எங்களுடையது பச்சையாகவே நின்றது. நான் தண்ணீர் அதிகம் விட்டேனோ, விதைக்கிழங்கே சரியில்லையோ என்று குழம்பினேன்.

பனிக்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் பொறுக்காமல் தோண்டினோம். கோலிக்குண்டு கோலிக்குண்டாகக் கிழங்கு. விரல் பட்டால் தோல் உரிந்தது. சுவரோரத்து வரிசையிலும் அதே கதை.

"இதுக்குமா போட்டீங்க?"

"அது மட்டும் வெளிறிப்போய் நின்னுச்சு. பாவமா இருந்துச்சு. நீ பாப்பாவுக்கு ஊட்டிட்டு இருந்தப்ப ரெண்டு பிடி போட்டேன்."

"போடாதீங்கன்னுதானே சொன்னேன்!"

"எவ்ளோ பச்சையா வந்துச்சு பாத்தியா?"

"பச்சையையா வறுத்துப் போடுறது?"

வாணலியில் கிழங்கு தண்ணீர் விட்டு, முறுகாமல் அடியில் ஒட்டிக்கொண்டது. மகள் ஒரு துண்டை வாயில் போட்டுத் துப்பினாள். "நக்கோ அம்மா, வேணாம்."

மீதியை மசித்து, துணியில் கட்டிப் பிழிந்து, கடலைமாவில் தோய்த்து போண்டாவாகப் போட்டேன். அவள் மேல்மாவை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு, கிழங்கு உருண்டைகளைத் தட்டின் ஓரத்தில் அடுக்கி வைத்தாள்.

"ஏதோ சாப்பிட்டாள்ல? விடு" என்றார் அவர். கிழங்கு வாங்கப் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.