பெர்னார்ட் இழுத்த கறுப்பு ஒயர்

பெர்னார்ட் மஸ்கட்டுக்குக் கிளம்பியது 1995 நவம்பரில், முதல் ஞாயிற்றுக்கிழமை. பம்பாய் ரயிலில் ஏற்றிவிட பெங்களூர் ஆஸ்டின் டவுனிலிருந்து பாதித் தெரு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. மாலைகூடப் போட்டார்கள். மலரும் போயிருந்தாள். ஒரே மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வருடக்கணக்கில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்த்தவர்கள் அவர்கள். கடை மலருடையது. கோலார் தங்கவயலிலிருந்து வந்து, ரேடியோ தொழிற்சாலையில் ஒயரிங் வேலை செய்து, அதை விட்டுவிட்டு அவள் போட்ட கடை. பேர் மட்டும் அவனுக்கு.

"அக்கா, கடையப் பாத்துக்கோ" என்றான் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து.

"என் கடைய நான் பாக்காம எவ வந்து பாப்பா?" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள் மலர். ரயில் நகர்ந்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

மறுநாளே ஏறிக்கொண்டது. முதலில் வந்த ஆள் கடைக்குள் எட்டிப் பார்த்து, "பெர்னார்ட் இல்லியா? அப்ப அப்பறமா வர்றேன்" என்று செட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எப்போது வருவாராம்? மஸ்கட்டிலிருந்து அவன் திரும்பிய பிறகா?

பெர்னார்ட் கண்ணை மூடிக்கொண்டு மூங்கில் குச்சியால் உள்ளே தட்டுவான். "இங்கதான்" என்பான். அங்கேதான் சால்டர் ஈயம் விட்டிருக்கும். அதைப் பார்க்க வாசலில் ஆள் நிற்கும். மலர் அப்படியில்லை. கரன்ட்டை நேராகக் கொடுக்காமல் ஒரு குண்டு பல்பு வழியாகக் கொடுப்பாள். பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். மங்கினால், மீட்டரை வைத்து ஒவ்வொரு இடமாக அளந்துகொண்டே போவாள். அதை யார் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்?

ஜனவரியில், விவேக் நகரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த எத்திராஜ் தன் அப்பா காலத்து வால்வு ஆம்ப்ளிஃபயரை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். குழந்தை இயேசு கோயில் திருவிழாவுக்கு அது வேண்டும்.

"கொரகொரங்குது மலரு. உள்ள பெர்னார்ட் கை வெச்சிருக்கான், பாத்து. கெடுத்துறாத."

கெட்டுப்போயிருந்தது ஒரே ஒரு கண்டென்சர். அன்று மத்தியானமே மாற்றிவிட்டாள். சத்தம் கண்ணாடி மாதிரி வந்தது. அத்தோடு மூடியை முடுக்கியிருக்கலாம். ஆனால் அந்தக் கறுப்பு ஒயர் கண்ணில் பட்டுவிட்டது. மைக் சாக்கெட்டின் எர்த்திலிருந்து கிளம்பி, செட்டின் குறுக்கே ஓடி, மறுகோடியில் பவர் பக்கத்துப் பெரிய கண்டென்சரின் காலில் முடிந்தது. தொழிற்சாலையில் எர்த்தைப் பக்கத்தில் இருக்கும் செட்டின் தகர உடம்பிலேயே பற்றவைப்பார்கள். 'இந்த ஒட்டுவேலைக்கா ஊரே கும்பிடு போட்டுது?' அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. ஒயரைக் கத்தரித்து எறிந்துவிட்டு, கற்ற முறைப்படி எர்த்தைப் பக்கத்துத் தகரத்தில் வைத்தாள்.

சுவிட்சைப் போட்டதும் தேன்கூட்டைக் கலைத்தது போல ஸ்பீக்கர் ம்ம்ம் என்றது.

வெட்டிய ஒயர்தான் காரணம் என்று ஒப்ப அவளுக்கு மனசில்லை. வால்வுகளை மாற்றினாள். நல்ல கண்டென்சர்களையும் மாற்றினாள். ம்ம்ம்.

"ஆயித்தா?" என்று வந்து நின்றார் எத்திராஜ். காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "மஸ்கட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேளேம்மா" என்றார்.

"அதுக்குக் கடைய மூடிட்டு இட்லி சுட்டு விக்கலாம்ணே. நாளைக்கு வாங்க."

மறுநாள் காலை சாக்கெட்டின் எர்த்தைத் தகரத்திலிருந்து பிரித்தாள். அதில் ஒரு நீள ஒயரைக் கவ்வவிட்டு, அவன் வைத்த இடத்தை அப்படியே ஏற்காமல், மறுமுனையால் செட் முழுக்க இடம் இடமாகத் தொட்டுக் கேட்டாள். ஓரிடத்தில் இரைச்சல் ஏறியது, ஓரிடத்தில் இறங்கியது. பெரிய கண்டென்சரின் காலில் வைத்ததும் அடங்கிப்போனது. காரணம் அப்போதுதான் புரிந்தது: பவரின் பெரிய கரன்ட்டும் மைக்கின் துளிக் கரன்ட்டும் ஒரே தகரத்தில் நடந்தால், பெரியது சின்னதை மிதிக்கும். சின்னதற்குத் தனிப் பாதை வேண்டும்.

அவன் வைத்த அதே இடம். அங்கேயே பற்றவைத்தாள். ஆனால் பச்சை ஒயரில். கறுப்பைத் தொட மனம் வரவில்லை.

திருவிழாவில் ஜெபம் தெருமுனை வரை தெளிவாகக் கேட்டது. எத்திராஜ் செட்டைத் தட்டிக்கொடுத்தார். "பாத்தியா மலரு! ஆளு கடல் தாண்டிப் போயும் அவன் வேல பேசுது."

பதில் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால், வெட்டியதையும் சொல்ல வேண்டும். விழுங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தச் செட் தூசி தட்ட வரும்போதெல்லாம் அவள் கண் முதலில் பச்சை ஒயருக்குத்தான் போகும். இவ்வளவு திண்டாடித் தான் பிடித்ததை அவன் ஒரே பார்வையில் கண்டுகொண்டானே என்று வயிறு எரியும். கடைக்குப் பேர் வந்தது, அவளைத் தேடியே ஆட்கள் வந்தார்கள். அந்த எரிச்சல் மட்டும் போகவில்லை.

2004இல் ஒரு மத்தியானம், சால்டர் வைத்துக்கொண்டிருந்தபோது அவள் செல்போன் கிணுகிணுத்தது. மஸ்கட் நம்பரிலிருந்து ஒரு மெசேஜ். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். எழுத்துக் கூட்டிப் படித்தாள்:

"அக்கா, நான் பெர்னார்ட். நம்பர் எத்திராஜண்ணன் குடுத்தாரு. இங்க ஒரு பழைய வால்வு செட்டு, ம்ம்ம்னு ஹம் நிக்கவே மாட்டேங்குது, மானம் போவுது. அன்னிக்கு அண்ணன் செட்டுல குத்துமதிப்பா ஒரு கறுப்பு ஒயர் இழுத்தேன், நின்னுடுச்சு. ஏன் நின்னுச்சுன்னு அப்பவும் தெரியாது. எங்க வெச்சேன்னு இப்ப மறந்துட்டேன். நீ தொறந்து பாத்திருப்பியே. சொல்லுக்கா."