தூக்கி வந்தது யார்?

வேதவல்லியைக் காளை முட்டிக் கொன்றுவிட்டது என்று காலையில் அலுவலக வாட்ஸப் குழுவில் செய்தி வந்தபோது, எவனோ விளையாடுகிறான் என்று போனை மேசையில் எறிந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வேலைக்கு வருகிறவளைக் காளை ஏன் முட்டப்போகிறது? பின்னாலேயே இன்னொன்று வந்தது. மணல் கடத்தலைப் பற்றி எழுதியதற்காகக் காளையை ஏவி அவளைத் தீர்த்துவிட்டார்கள், காளைக்காரன் ஆஸ்பத்திரியில்தான் நிற்கிறான், விடாதீர்கள் என்றது. நம்பும்படியாக இருந்தது இரண்டாவதுதான். அவள் கணவர் கண்ணனை அழைத்தேன். முதலாவதுதான் நிஜம் என்றார். மாம்பழச்சாலையில் வேனில் ஏற்றும்போது கயிறு அறுந்து காளை ரோட்டில் பாய்ந்திருக்கிறது. காளைக்காரரை யாராவது கொன்றுவிடுவார்களோ என்ற பயத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் மாலைப் பத்திரிகைக்கு வரும் விபரீதச் செய்தி எல்லாம் அவள் மேசைக்குத்தான் போகும். கொள்ளிடத்தில் மீன் பிடித்தவரின் தொடையை முதலை கவ்வியது, அவர் அதன் கண்ணில் விரலை விட்டுக் குடைந்து தப்பினார் என்று ஒரு செய்தி வந்தது. நாம் எல்லோரும் சிரித்தோம். அவள் மட்டும் ஊருக்குப் போன் போட்டு, அடிபட்டவரைத் தூக்கி வந்தது யார் என்று கேட்டாள். தூக்கியவர் அவருடைய மச்சான். ரத்தம் ஒழுக ஒழுகச் சுமந்து வந்தவர், வழியெல்லாம் தன் புதுச் செருப்பை ஆறு அடித்துக்கொண்டு போனதற்காக அவரைத் திட்டியிருக்கிறார். “கட்டுக்கதைக்கு எதுக்குடி செருப்பு? இது நிஜம்” என்றாள். நிஜம்தான்.

“பொய்ச் செய்தியில அடிச்சதை ஊரே பார்த்திருக்கும். தூக்கினவங்க ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்க” என்பாள்.

திருவானைக்காவலில் போர்வை விற்க வந்த வடநாட்டுக்காரரைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று கம்பத்தில் கட்டி அடித்த அன்று நானும் அவளோடு இருந்தேன். அந்த மனிதரின் காது கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. இவள் உள்ளே புகுந்து, பறிகொடுத்த குழந்தை யாருடையது என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். ஒருவன் அடுத்தவனைக் காட்டினான், அவன் இன்னொருவனைக் காட்டினான். யாரோ விட்டெறிந்த செங்கல் அவள் புருவத்தைப் பிளந்தது. போலீஸ் வரும்வரை முகமெல்லாம் ரத்தத்தோடு அந்தக் கம்பத்தை விட்டு அவள் நகரவில்லை. அந்த மனிதர் பிழைத்தார். நான் அன்று தெருமுனையிலேயே நின்றுவிட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நான் போய்ச் சேர்ந்தபோது காளைக்காரர் செல்லமுத்து தரையில் கிடந்தார். உதைத்தார்கள், ஹெல்மெட்டால் அடித்தார்கள். தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. பிணவறைப் பக்கமிருந்து ஓடிவந்த கண்ணன் அப்படியே அவர்மேல் விழுந்தார். முதுகில் ரெண்டு அடி வாங்கிக்கொண்டுதான் பேசினார்.

“இவரை அடிக்காதீங்கோ. வேதாவைத் தூக்கினதே இவர்தான். ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் அவ வயித்தைத் துண்டால அமுக்கிப் பிடிச்சுண்டு வந்தார்.”

ஓங்கிய கைகள் அதன்பிறகுதான் இறங்கின. அந்தக் கைகளில் சில நம் அலுவலகத்துக் கைகள். நான் பார்த்தேன், நீங்களும் என்னைப் பார்த்தீர்கள். அவள் பக்கத்து நாற்காலியில் இத்தனை வருஷம் உட்கார்ந்துவிட்டு, தூக்கி வந்தது யார் என்று ஒரு கேள்வி கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியை மட்டும்தான். நீங்கள் வாங்கி வைத்திருக்கும் மாலை அவளுக்கு வேண்டாம். செல்லமுத்து ஆண்கள் வார்டில், உடைந்த தாடையைக் கம்பியால் கட்டிப் படுத்திருக்கிறார். அடித்தவர்கள் யார் என்று போலீஸ் கேட்டதற்குத் தெரியாது என்று தலையை ஆட்டிவிட்டார். முதலில் அவரைப் போய்ப் பாருங்கள்.