கிணற்றுக்குள் ஒரு வாளை

எழுபதுகளில் மயிலாப்பூரில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். மீன் சாப்பிடுகிறவர்கள் என்று தெரிந்தும், வீட்டுக்குள் சமைக்கக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு வீட்டுக்கார மாமி இடம் கொடுத்திருந்தார். கிணற்றில் கொசுப்புழு நெளிந்தது. அதைத் தின்ன மீன் விடுவது வழக்கம்தானே என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையாற்றில் துண்டால் அரித்து, பொடிமீன் பத்துப் பிடித்து வந்து விட்டேன். அதில் ஒன்று வாளைக்குஞ்சு என்று எனக்கெங்கே தெரியும்?

ஒரு வருஷத்தில் மற்ற ஒன்பதையும் காணோம். கொசு திரும்பி வந்துவிட்டது. சித்திரையில் தூர் வாரத் தண்ணீரை இறைத்தபோதுதான் பார்த்தோம்: மீசையை நீட்டிக்கொண்டு, ஒரு கை நீளத்துக்குப் புரண்டது!

மாமி எட்டிப் பார்த்தார். "பகவானே! இது உசுரோட வெளியே போகணும். என் கிணத்துல ஒரு ஜீவன் செத்துதுன்னா, நீங்க வேற ஜாகை பாத்துக்கோங்கோ."

"கோயில் குளத்துல விட்டுடலாமே?" என்றாள் என் மனைவி.

"நன்னாருக்கு! அங்க இருக்கறதையும் முழுங்கிடும்!"

தெருமுனை சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் சைதாப்பேட்டை ஆற்றோரத்துக்காரர். பிடித்த ஆற்றிலேயே விட்டுவிடலாம் என்று அவரைக் கூப்பிட்டேன். கயிற்றைப் பிடித்து இறங்கினார்.

"இன்னா சார், மீனுன்னு சொன்ன? வாயத் தொறந்தா கோணிப்பை மாறி கீது!" அடுத்த நொடி அலறல். "கடிச்சிக்கினு வுடமாட்டேங்குது!"

"இழுக்காதேப்பா, அதுக்கு வாய் கிழிஞ்சுடும்!" என்று மாமி கத்தினார்.

"என் வெரலு, மாமி, என் வெரலு!"

ஒருவழியாக வாளியில் மேலே வந்தது. பாதி உடம்பு வெளியே தொங்கியது. மாமி உள்ளே ஓடித் தம் பித்தளை அண்டாவையே தூக்கி வந்துவிட்டார். "இதுல வைங்கோ. அண்டாவைத் திரும்ப மட்டும் கொண்டு வராதேங்கோ."

ரிக்‌ஷா பறந்தது. தேனாம்பேட்டையில் மீன் அசைவதை நிறுத்தியது. எனக்கு வீடு போயிற்று என்றே தோன்றியது. "மிதி, மிதி!" என்று கத்தினேன்.

"கொயம்புக்கு ஆவும் சார்," என்றார், விரலில் துணி சுற்றிய மனிதர். ஆனாலும் மிதித்தார்.

ஆற்றில் அண்டாவைச் சரித்தோம். கிடந்தது. கிடந்தது. பிறகு ஒரே அடி வாலால்! எங்கள் இருவர் முகத்திலும் சேறு.

வாசலிலேயே காத்திருந்த மாமி, சேற்று முகத்தைப் பார்த்ததும் மீன் உயிரோடு போனதை நம்பிவிட்டார்.

"கொசுவுக்கு மறுபடி மீன் போடணுமே," என்றார். "இந்தத் தடவை வாயைத் திறந்து பாத்துட்டுப் போடுங்கோ."