கழன்ற வளையம்

புலம்பெயர்ந்து நான் குடியேறிய ட்வெய்ட்டாவில் ஒரு கடைவாசலில் பழைய மரப்பீப்பாய் இருந்தது. அதன் வளையங்கள் இரும்பல்ல, பட்டை உரிக்காத இளங்கம்புகள்.

எங்கள் ஊரில் என் ஐயாவும் அண்ணனும் பற்றைக்காட்டில் இளமரங்களை வெட்டிப் பிளந்து, பச்சை வாசம் போகுமுன் முழங்காலில் வைத்து வளைப்பார்கள். உப்புமீன் பீப்பாய்களுக்கு அவைதான் வளையங்கள். சிறுவனாக, உருட்டி விளையாட ஒன்றைத் தட்டிக் கழற்றினேன். பீப்பாய் பிளந்து, முதலாளியின் மீன் முழுவதும் மண்ணில் கொட்டியது.

"இளக்கமாய்க் கட்டினது நீதானே?" என்று ஐயா அண்ணனை அடித்தார். நான் வாய் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை.

வாசலில் நின்றபடியே, பக்கத்து நகரமான லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

"தெரியும். நீ உருட்டிக்கொண்டு ஓடேக்கை பாத்தனான்."

"அப்ப ஏன் அண்ணை ஐயாட்டைச் சொல்லேல்லை?"

"நல்லா உருண்டதடா. நான் வளைச்சதெல்லோ."