கச்சானுக்கு எதிரே ஒரு பால்சுறா

வாய்க்கால் மதகு வந்ததும் ஸைனுலாப்தீன் இறங்கி, மீன்பெட்டிமேல் கிடக்கும் சாக்கை உருவித் தண்ணீரில் தோய்த்துப் போர்த்துகிறார். அதன் பிறகுதான் தன் தலையில் ஒரு கை அள்ளி ஊற்றுகிறார். இந்த வரிசை ஒருநாளும் மாறாது. "மீனுக்கு வாயிருந்தும் தாகமெண்டு கேக்காது. நமக்குக் கேக்கத் தெரியும்தானே," என்பார்.

மூதூர்க் கடற்கரையில் விடிய வாங்கும் மீனை, வயல்வெளி கடந்து கிளிவெட்டிக்கும் அதற்கு அப்பாலும் கொண்டுபோய் விற்பது அவர் தொழில். டயர் கிடைக்காத இந்த எழுபத்து நாலாம் ஆண்டிலும், பின்டயர் வெடித்த இடத்தில் பழைய டயர்த் துண்டை வைத்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறார். சைக்கிள் நொண்டும், அவர் சேர்ந்து நொண்டுவார்.

அவருடைய எதிரி கச்சான் காற்று. சிறுபோக நெற்பயிர்க் காலம் முழுவதும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். மறிக்க ஒரு மரமில்லாத வெளி. நெல் அரிவி வெட்டு நடந்தால் பதரும் தூசியும் கண்ணுக்குள். பெட்டி நிறைந்திருக்கும்போது முகத்தில் அறையும். பெட்டி வெறுமையாகித் திரும்பும்போது முதுகைத் தள்ளும். "சொந்தக்காரன் புத்தி. சுமை இரிக்கிற நேரம் உதவிக்கு வரமாட்டான்," என்று கச்சானை மச்சான் முறைவைத்துத் திட்டிக்கொண்டே மிதிப்பார். வழிநெடுகப் பேசியது போதாமல் வீட்டிலும் அதே கதை. மனைவி றுக்கியா ஒருநாள் பொறுக்காமல் கேட்டாள்: "காத்தோட குடும்பம் நடத்துறதெண்டா என்னை என்னத்துக்கு நிக்காஹ் செஞ்சீங்க?"

ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு மூச்சுப்பிடித்து மிதித்தாராம். திறந்து பார்த்தால் மூதூர்ப் படகுத்துறை! சைக்கிள் முன்னே போகவேயில்லை, காற்று பின்னுக்குத் தள்ளிக் கொண்டுவந்து விட்டதாம். இதை நம்பாதவர்களுக்கு மீன் நிறுக்கும்போது அவர் கை சற்று இறுகும். ஆகவே கிளிவெட்டியில் எல்லோரும் நம்புகிறார்கள்.

திரும்பும் பயணம்தான் அவருடைய பெருநாள். கால்களை மிதியிலிருந்து எடுத்து ஹாண்டிலில் போட்டு, சட்டைப் பொத்தான்களைக் கழற்றி விட்டால், சட்டை தோணிப் பாயாக விரிந்து அவரைக் கொண்டுபோகும். வெட்டிய வயலில் வைக்கோல் மணக்கும். கொக்குகள் எழும்பிக் கூடவே பறக்கும். "மாப்பிள்ளை ஊர்வலம்" என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார். அந்த நேரத்தில் அவரை எவராலும் நிறுத்த ஏலாது.

சைக்கிள் மணியின் மூடி தளர்ந்துபோனது. பள்ளத்துக்குப் பள்ளம் தானாகவே அடிக்கும். சத்தம் கேட்டதும் முதலில் பூனைகள் வேலிக்கு வரும், பிறகு "காக்கா" என்று அண்ணன் முறைவைத்துக் கூப்பிட்டுக்கொண்டு பெண்கள்.

போன ஆவணியில் அப்படி வேலிக்கு வந்த அன்னலட்சுமியின் முகம் வாடிக் கிடந்தது. மகள் பூரணிக்குத் தலைப்பிள்ளை பிறந்திருந்தது.

"காக்கா, பிள்ளைக்குப் பால் இறங்கேல்லை. அது விடிய விடியக் கத்துது, இவளும் சேர்ந்து அழுறாள். பால் சுரக்கப் பத்தியக்கறிக்கு ஒரு பால்சுறா கொண்டுவந்து தாங்கோ."

"நாளைக்குக் கொண்டாறன் தங்கச்சி. மூதூர்க் கடல்ல இல்லாட்டி மத்தக் கடல்ல பிடிப்பன்."

மறுநாள் பால்சுறா கிடைத்தது. ஆனால் அன்றைய கச்சானைப் பார்த்துவிட்டு மற்ற மீன்காரர்கள் சைக்கிளைத் திருப்பிவிட்டார்கள். சுறா வெயிலுக்கு வெகு சீக்கிரம் மணம் மாறும். மாறினால் பிள்ளை பெற்றவளுக்கு ஆகாது. இவர் திருப்பவில்லை. பாதி வயல்வெளியில் சூரியன் மேலே ஏறிக்கொண்டிருக்க, சைக்கிள் நகர மறுத்தது.

வயலில் வெட்டிக்கொண்டு நின்றவர்களை அவர் கைதட்டிக் கூப்பிட்டார்.

"இந்தச் சூடைமீன், கீரிமீன், எல்லாத்தையும் எடுங்க. பெட்டியையும் இறக்குங்க!"

"என்ன விலை காக்கா?" என்றார் வெட்டுக்காரர் தம்பிராசா.

"விலையை இந்தக் காத்து மச்சானோட பேசிக்கொள்றன். கெதியா இறக்குங்க."

சுறாவை மட்டும் ஈரச் சாக்கில் சுற்றி ஹாண்டிலில் கட்டிக்கொண்டு, சைக்கிள் பாரின் மேல் கவிழ்ந்து மிதித்தார். வழியில் மதகுக்கு மதகு சாக்கு நனைந்தது. அன்று அவர் தலை நனையவில்லை.

அன்னலட்சுமி சுறாவை வாங்கி முகர்ந்து பார்த்தாள். அவர் வேலியோரப் பூனையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே பிள்ளை வீறிட்டது.

"மணம் மாறேல்லை காக்கா. இப்ப பிடிச்சது போல கிடக்கு."

"நேற்றே வந்திரிப்பன். உங்கட ஊர்க் காத்துத்தான் விடல்ல," என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் கேட்டார்.

அடுத்த நாள் மீன் விற்றுத் திரும்பும்போது கச்சான் வழமைபோல முதுகில். கால்கள் ஹாண்டிலில், சட்டை விரிந்திருந்தது. பூரணி வீட்டு முன்னால் போகும் குறுகிய ஒழுங்கையில் அழுகை கேட்கவில்லை. வேலிக்கு மேலே அன்னலட்சுமி தலையை நீட்டி, உள்ளங்கையைக் கன்னத்தில் சாய்த்துக் காட்டினாள். பிறகு மெல்ல, "வயிறு நிறையக் குடிச்சிட்டு நித்திரை," என்றாள்.

ஸைனுலாப்தீன் கால்களை இறக்கிக் குதித்தார். காற்று சைக்கிளைப் பறிக்கப் பார்த்தது. ஒரு கையால் ஹாண்டிலை இழுத்துப் பிடித்து, மறு உள்ளங்கையால் மணியை இறுகப் பொத்திக்கொண்டு, பள்ளம் பள்ளமாகப் பார்த்து விலகி ஒழுங்கை முடியும்வரை நடந்தே போனார்.